இரண்டாவது பூட்டு

அவன் போட்டுவிட்டுப் போனது ஒரு பூட்டு. திரும்பி வந்து பார்த்தபோது இரண்டு தொங்கின.

மாடிப்படி திரும்பும் இடத்தில், சுவருக்குள் பதித்த தகரப் பெட்டியில் இருந்தது அந்த வீட்டின் மெயின் சுவிட்ச். கைப்பிடியைக் கீழே இறக்கி, யாரும் தெரியாமல் மேலே தூக்கிவிடாதபடி ஒரு சிவப்புக் கவ்வியை மாட்டி, கவ்வியின் ஓட்டையில் தன் மஞ்சள் பூட்டைக் கோத்து, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டுதான் அவன் சமையலறைக்குப் போயிருந்தான். இப்போது வேலை முடிந்துவிட்டது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறான். மஞ்சள் பூட்டுக்கு அடுத்த ஓட்டையில் கறுத்துப்போன பித்தளைப் பூட்டு ஒன்று, எத்தனையோ வருஷமாக அங்கேயே இருப்பதுபோல் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"எவன் பார்த்த வேலைடா இது?" என்று படிக்கட்டைப் பார்த்துக் கத்தினான்.

காலையிலிருந்து விடாமல் பெய்யும் மழை கூரைத் தகரத்தில் கொட்டி, குழாய் வழியாக இறங்கி, கீழே எங்கோ களக்களக்கென்று ஓடும் சத்தம் மட்டும் மேலே வந்தது. படியில் ஈரக் கால் தடம் எதுவும் இல்லை. அவனுடையதுகூடக் காய்ந்திருந்தது.

தொழிலில் அவனுக்கு டெஸ்டர் என்றே பெயர். தூங்கும்போதும் சட்டைப்பையில் டெஸ்டர் இருக்கும் என்று அவன் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்ததில் வந்த பெயர். வாடகை வீடுகளின் சமையலறைக்குப் போய், அடுப்பு, கெய்சர், மிக்ஸி போடும் பிளக், புகையை இழுக்கும் விசிறி என்று ஒவ்வொன்றையும் கரண்டிலிருந்து பிரித்துச் சோதித்து, ஆபத்து இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவன் வேலை. இந்த வீட்டில் மின்சார அடுப்பைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று குடியிருக்கும் பெண் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்த பிறகு, வீட்டுக்காரர் மழை கொட்டுகிற நாளாகப் பார்த்து அவனை அனுப்பியிருந்தார்.

வந்து பார்த்தால் வயரிங் வாந்தி எடுத்து வைத்ததுபோல் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் ஹால் பிளக்கைச் சமையலறை லைனிலிருந்து இழுத்திருந்தான். சமையலறைக்கென்று தனி சுவிட்ச் கிடையாது. ஒரு அடுப்பைத் தொடுவதற்கு வீடு முழுவதையும் அணைக்க வேண்டும். அணைத்தால் ஹாலில் அந்தப் பெண்ணின் மாமனாருக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் மிஷின் பேட்டரிக்கு மாறும்.

"பழைய பேட்டரிண்ணே. ஒரு மணி நேரம் தாங்கும்னு கடையில சொன்னாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. அதுக்குள்ள முடிச்சிருவீங்கல்ல?" என்று அவள் கேட்டிருந்தாள்.

"அரை மணி நேரம் போதும்மா."

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரியவர் மூக்கில் குழாயோடு சிரித்தார். "வாடகை வீட்டுல வாடகை மூச்சு தம்பி. சட்டுனு முடி. ஓனருக்குத் தெரிஞ்சா இதுக்கும் சேத்து வாடகை கேட்டுருவான்."

சொன்னபடியே முடித்துவிட்டான். அடுப்பை முன்னால் இழுத்து, பின்சுவரில் இருந்த பாக்ஸைத் திறந்து, எர்த் வயரே போடாமல் விட்டிருந்ததைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டி, புது வயர் இழுத்து முறுக்கினான். கரண்ட் வந்த பிறகு அளவு பார்க்க வேண்டும் என்பதால் பாக்ஸின் மூடியைப் போடவில்லை. இனி மெயினைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குத்தான் இப்படி ஒரு முட்டுக்கட்டை.

அவன் தொழில் பழகியது ஒரு பெரிய ஆலையில். அங்கே ஒரு மெஷினுக்குள் எத்தனை பேர் இறங்குகிறார்களோ, கவ்வியில் அத்தனை பூட்டு. வெளியே வருகிறவன் தன் பூட்டைத் தானே கழற்றிக்கொண்டு போவான். கடைசிப் பூட்டு கழலும்வரை கரண்ட் கிடையாது. அடுத்தவன் பூட்டை முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. பூட்டு தொங்குகிறதென்றால் ஆள் உள்ளே இருக்கிறான். அவ்வளவுதான் சட்டம். ஆலையை விட்டு வந்து தனி ஆளாக வேலை பார்க்க ஆரம்பித்த பிறகும் அந்த ஆறு ஓட்டைக் கவ்வியை அவன் விடவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். "ஒத்தை ஆளு வேலைக்கு ஆறு ஓட்டை எதுக்குப்பா? மிச்ச அஞ்சுல யாரை வரச் சொல்லிக் கூப்பிடுற?"

பித்தளைப் பூட்டைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் ஒருவன் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டியதுபோல.

பூட்டோடு ஒரு அட்டை கட்டியிருந்தது. அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்ததே கல்யாணத்துக்குப் பிறகுதான். இன்னும் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத்தான் வாசிப்பான். டார்ச்சை அடித்து வாசித்தான். ஆள் உள்ளே வேலை செய்கிறார். அதற்குக் கீழே பெயர் எழுதும் இடத்தில் பெயர் இல்லை. ஒரு கைநாட்டு. மை அவன் விரலில் ஒட்டியது.

உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் கேட்டான். "யாராவது வந்தாங்களாம்மா? வேற எலக்ட்ரீசியன், கேபிள்காரன், எவனாவது?"

"யாரும் வரலண்ணே. கதவு பக்கத்துலயேதான் நிக்கிறேன். ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. எவனோ விளையாடுறான்."

விளையாட ஆள் எங்கே? எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. கீழ் மாடிகள் முழுக்கச் சாமான் கிடங்கு. ஷட்டரை இறக்கிவிட்டு ஆட்கள் மத்தியானமே போய்விட்டார்கள். மேலே மொட்டை மாடி. அவன் எரிச்சலோடு வீட்டுக்காரருக்குப் போன் போட்டான். மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. நான்காவது தடவை எடுத்தார்.

"சார், இந்த வேலைக்கு வேற யாரையாவது அனுப்பியிருக்கீங்களா?"

"ஒருத்தனுக்குக் குடுக்குறதே தண்டம். ரெண்டு பேரை எதுக்கு அனுப்புறேன்?"

"மெயின்ல இன்னொருத்தன் பூட்டு தொங்குது சார்."

"பூட்டுதானே? பாம்பு இல்லையே? ஒடைச்சு எறிஞ்சிட்டுப் போடுப்பா."

"அப்படி ஒடைக்கக் கூடாது சார். உள்ள ஆள் இருந்தா..."

"உள்ள நீதான்யா இருக்க! அந்தப் பொண்ணு எனக்குப் போன் மேல போன் போடுது. இதுக்கு முன்னாடி வந்தவனும் இப்படித்தான், சட்டம் பேசுவான். அடுப்புக்குப் பின்னாடி என்னத்தையோ நோண்டிக்கிட்டே இருந்தான், பாதியில சொல்லாம கொள்ளாம ஓடிட்டான். வாசல்ல செருப்புகூட அப்படியே கெடந்துச்சு. குடிகாரப் பய. நீயாவது முடிச்சிட்டுப் போ."

போன் வைக்கப்பட்டது. டெஸ்டர் போனைப் பைக்குள் போட்டான். செருப்பை விட்டுவிட்டு எவனாவது ஓடுவானா?

ஹாலில் மிஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டது.

"பேட்டரி குறையுதுண்ணே!" அவள் குரல் உயர்ந்தது. "சொன்னேன்ல, பழைய பேட்டரின்னு! ஸ்பேர் சிலிண்டரும் காலி. மாத்துறேன்னு சொன்னவன் இன்னும் வரல. எல்லாருமே இப்படித்தான் பண்றீங்க!"

"ஆம்புலன்ஸைக் கூப்பிடும்மா. நான் இதோ வர்றேன்."

அவன் சமையலறைக்குள் போனான். ஒருவன் உள்ளே இருக்கிறான் என்று பூட்டு சொல்கிறது. இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் மனசு ஆறும். அவ்வளவுதான் அவன் நினைத்தது. டார்ச் வெளிச்சத்தில் அறை சின்னதாக இருந்தது. கழுவாத பாத்திரத்தின் புளித்த வாசனை, ஜன்னல் வழியாக வந்த ஈரச் சுண்ணாம்பு வாசனை, அடுப்பை நகர்த்தியபோது கிளம்பிய பழைய எண்ணெய்ப் பிசுக்கின் வாசனை, இவையெல்லாவற்றுக்கும் அடியில், அவன் வேலை செய்தபோது இல்லாத வாசனை ஒன்று. நாள் முழுக்க வேலை செய்த ஆளின் வியர்வை. அதோடு லேசாகக் கருகிய பிளாஸ்டிக்.

தொட்டியின் அடியில் பார்த்தான். அலமாரியைத் திறந்தான். கதவுக்குப் பின்னால் பார்த்தான். எலிகூட இல்லை.

அப்போது சுவரில் சத்தம் கேட்டது. ஸ்க்ரூ டிரைவரை ஸ்க்ரூவின் தலையில் வைத்து, வழுக்கி, மறுபடியும் வைத்து, மெதுவாகத் திருப்புகிற சத்தம். கர்ர். கர்ர். பிறகு பிளேயர் வாய் மூடும் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு. வேலை சரியாக வராதவன் விடும் பெருமூச்சு. அவன் விட்டிருக்கிறான், ஆயிரம் தடவை.

"என்னப்பா, இன்னும் முடியலையா?" என்று கேட்டுவிட்டான். யோசிக்கவில்லை. பக்கத்தில் வேலை செய்கிறவனிடம் கேட்கிற மாதிரி வாயில் வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம்தாண்ணே."

சாதாரணக் குரல். களைத்த குரல். பாக்ஸுக்குள்ளிருந்து வந்தது.

"சீக்கிரம் முடி. பெரியவர் காத்திருக்கார்" என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அது வெளிச்சுவர். அந்தப் பக்கம் அறை கிடையாது, தாழ்வாரம் கிடையாது. மூன்று மாடி உயரத்துக்கு மழையும் காற்றும்தான்.

டார்ச்சை பாக்ஸுக்குள் அடித்தான். உள்ளங்கை அகலம். அவன் முறுக்கிய வயர்கள். பின்னால் இருந்த தகரத் தட்டைக் காணவில்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் அதில்தான் எர்த் வயரை முறுக்கினான். இப்போது அங்கே இருட்டு. டார்ச் வெளிச்சம் உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது.

அவன் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தான். சுவருக்கு முதுகு காட்டவில்லை.

ஹாலில் மிஷின் இப்போது விடாமல் கீச்சிட்டது. பெரியவர் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. கேலி பேசின வாய். அந்தப் பெண் ஒரு கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டு, மறு கையில் போனோடு அழுதாள்.

"பாலத்தடியில தண்ணி நிக்குதாம்ணே. சுத்தி வரணுமாம். எப்போ வருவோம்னு தெரியாதுங்குறாங்க. ஒரு சுவிட்சுண்ணே. ஒரு சுவிட்சைத் தூக்கிப் போட இவ்வளவு நேரமா?"

"உள்ள ஒரு ஆள் இருக்கான்மா."

அவள் அவனைப் பார்த்த பார்வையில் பயம்கூட இல்லை. வெறுப்புதான் இருந்தது. "எங்கண்ணே? எங்க இருக்கான்? காட்டுங்க. இவரு இங்க இருக்காரு, கண்ணுக்கு முன்னாடி சாகுறாரு. உங்க ஆளு எங்க?"

அவன் வாசலைப் பார்த்தான்.

மிஷினைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஓடலாமா? எங்கே? தெரு முழுக்கத் தண்ணீர். கிடங்கு ஷட்டரை உடைக்கலாமா? உடைக்கிற நேரத்துக்கு இவர் இருப்பாரா? மீட்டருக்கு முன்னாலிருந்தே வயர் இழுக்கலாமா? அது சீல் வைத்த பெட்டி. சீலை உடைத்து இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பித்தளைப் பூட்டில் வந்து முட்டியது.

பையிலிருந்து ஹேக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனான்.

முதலில் தன் பூட்டைத் திறந்து எடுத்தான். சாவி இரண்டு தடவை கீழே விழுந்தது. பித்தளைப் பூட்டின் வளையத்தில் பிளேடை வைத்தான். ஆலையில் சொல்லிக் கொடுத்தது வாயில் வந்தது. மூன்று தடவை சொல்ல வேண்டும். கேட்கும்படி சொல்ல வேண்டும்.

"கரண்ட் போடப் போறேன்! கையை எடு!"

பெட்டிக்குள் வயர்கள் இறங்கும் குழாயின் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது. அந்தக் குழாய் சமையலறைக்குத்தான் போகிறது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது. மிக அருகில். காதுக்குள் பேசுவதுபோல.

"பொறுங்கண்ணே."

அறுத்தான். பிளேடு ஓடும் கீச்சு அவன் பல்லில் ஏறியது. பித்தளை மென்மையாக அறுபட்டது. எலும்பு அறுப்பதுபோல் இருந்தது என்று நினைத்தான், நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

"கரண்ட் போடப் போறேன்! கையை எடுத்துரு!"

"கை உள்ள இருக்குண்ணே."

"எடுடா! வெளிய எடு!"

"வரமாட்டேங்குது."

உள்ளே அந்தப் பெண் வீறிட்டாள். மாமா, மாமா என்று. மிஷினின் கீச்சு நின்றுவிட்டது. சத்தம் போடுவதற்குக்கூட பேட்டரி இல்லை. சத்தம் நின்றதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

வளையம் அறுந்தது. பூட்டு அவன் காலடியில் விழுந்தது.

"கரண்ட் போடப் போறேன்." மூன்றாவது தடவை கத்த முடியவில்லை. கெஞ்சினான். "தம்பி, கையை எடுத்துரு. உன் காலைப் புடிச்சுக் கேக்குறேன்."

"உங்க பூட்டைப் பாத்துத்தாண்ணே வந்தேன்" என்றது குரல். "ஓட்டை இருந்துச்சு. கூட ஒரு ஆள் இருக்காருன்னு தைரியமா கையை விட்டேன்."

கவ்வியைக் கழற்றினான்.

கைப்பிடியைப் பிடித்தான்.

தூக்கினான்.

டக்.

விளக்கு வந்தது. படிக்கட்டில், ஹாலில், சமையலறையில். குழாயின் வாயிலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. ஹாலில் மிஷின் ஒரு தடவை இருமி, உறுமி, ஓட ஆரம்பித்தது. உஸ்ஸென்று காற்றைத் தள்ளியது. நின்றது. தள்ளியது. கொஞ்ச நேரத்தில் பெரியவர் இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்டது. அந்தப் பெண் அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

டெஸ்டர் படியிலேயே உட்கார்ந்திருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு அப்படியே இறங்கிப் போயிருக்கலாம். ஆனால் பாக்ஸ் மூடி திறந்தே கிடக்கிறது. உயிரோடு இருக்கிற வயரைத் திறந்துபோட்டுவிட்டுப் போக அவன் காலுக்குப் பழக்கம் இல்லை. கால்கள் அவனைச் சமையலறைக்குக் கொண்டுபோயின.

வெளிச்சம் நன்றாக இருந்தது.

முதலில் வாசனை. பிளாஸ்டிக் இல்லை இப்போது.

பிறகு சத்தம். மெல்லிய உறுமல். தேனீ ஒன்று டப்பாவுக்குள் மாட்டியதுபோல.

பிறகு கை.

பாக்ஸுக்குள்ளிருந்து, பின்தட்டு இருக்க வேண்டிய இருட்டிலிருந்து, மணிக்கட்டுவரை வெளியே வந்திருந்தது. வேலை செய்கிறவன் கை. காய்ப்புக் காய்ச்சிய உள்ளங்கை. வெட்டுத் தழும்புகள். அவன் முறுக்கிய வயரை ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடித்திருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கை முழுக்க நடுங்கியது.

கரண்ட் பிடித்த கை விடாது. அவனுக்குத் தெரியும். விட வேண்டும் என்று உயிர் கத்தினாலும் விரல் விரியாது. கரண்ட் நிற்கும்வரை பிடித்துக்கொண்டே இருக்கும்.

அவன் மெயினை நோக்கித் திரும்பினான்.

"அண்ணே!" ஹாலிலிருந்து அவள் குரல். "மாமாவுக்கு மூச்சு சீராயிருச்சுண்ணே! கண்ணைத் தொறந்து பாக்குறாரு! கோவத்துல ஏதேதோ பேசிட்டேன், மன்னிச்சிருங்க. கரண்ட்டை மட்டும் இனி நிறுத்திராதீங்கண்ணே!"

அவன் நின்றான்.

மிஷின் உஸ்ஸென்று தள்ளியது. விரல்கள் இறுகின. நகத்தின் ஓரத்திலிருந்து நூல்போல் புகை கிளம்பியது.

மிஷின் நின்றது. விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன. விடவில்லை.

சுவருக்குள், ரொம்ப உள்ளே, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பது கேட்டது.

மிஷின் தள்ளியது.

விரல்கள் இறுகின.